மூன்றாவது நிமிடம், பதினோராவது நொடி

இசைக்கு அவன் செய்த தொண்டு ஒன்றே ஒன்றுதான். ஒருமுறை இருமினான்.

இருமிய இடம் சாதாரண இடமில்லை. ‘ஈரத் தீப்பெட்டி’ என்ற ஆல்பத்தை ஒரு குழு மேடையில் முழுசாக வாசித்தது. அதில் ஐந்தாவது பாட்டின் நடுவே எல்லா வாத்தியமும் சட்டென்று நின்று, நான்கு நொடி மௌனம் வரும். அந்த மௌனத்தில் இருமினான். நிகழ்ச்சியைப் பதிவு செய்து அதையும் ஓர் ஆல்பமாக வெளியிட்டார்கள். ஸ்டூடியோ ஆல்பத்தையே யாரும் சீண்டவில்லை. மேடை ஆல்பத்தைச் சீண்டாமல் இருப்பதற்குக்கூட, அப்படி ஒன்று இருப்பது தெரிந்திருக்க வேண்டுமே.

அவனுக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவன் வேலை. கண்ணாடி வாங்க வந்தவர்கள் பழைய கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தப்பி ஓட வழி தெரியாமல் உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து ஆரம்பிப்பான். “ஸ்டூடியோல பாடுறது கல்யாண போட்டோ மாதிரி சார். மேடைல பாடுறதுதான் குடும்பம் நடத்துறது. இருமல், தும்மல் எல்லாம் சேர்ந்ததுதான் பாட்டு.” இருமல் வரும் இடத்தையும் நொடிக்கணக்காகச் சொல்வான். கடையில் அவனுக்கு ‘மூணு பதினொண்ணு’ என்றே பெயர் ஆகிவிட்டது.

அந்த மேடை ஆல்பத்தைத்தான் இப்போது மறுபடி வெளியிடப் போகிறார்களாம். பார்வையாளர் சத்தம் அத்தனையும் நீக்கி, சுத்தமாக. செய்தியைப் படித்ததும் கடைக்கு விடுப்புக் கடிதம் எழுதினான். காரணம்: இருமல். பொய் எழுதி அவனுக்குப் பழக்கமில்லை.

“இருமினதுக்கெல்லாம் போய் நியாயம் கேப்பியாடா?” என்றாள் அக்கா, அவன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே.

“அதை எடுத்துட்டா, நான் அங்க இருந்ததுக்கு வேற சாட்சியே இல்லக்கா.”

“டிக்கெட்டு இருக்குமே?”

“பேன்ட் பாக்கெட்ல இருந்துச்சு. நீதான் வாஷிங் மெஷின்ல போட்ட.”

அக்கா காலரை இரண்டாம் முறை அழுத்தித் தேய்த்தாள்.

ஸ்டூடியோ மூன்றாவது மாடியில் இருந்தது. சவுண்ட் எஞ்சினியர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். தொழில் பழக்கமோ என்னவோ, கடிக்கிற சத்தமே வரவில்லை. பக்கத்தில் ஓர் அம்மாள் மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பல் டாக்டராம்.

“மூணு பதினொண்ணா?” என்றார் எஞ்சினியர், இவன் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள். “மேடமும் அதுக்குத்தான் வந்திருக்காங்க.”

“பாட்டு முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு கை தட்டிட்டேங்க,” என்றார் பல் டாக்டர். “நான் ஒருத்தி மட்டும். மூணு தட்டு. நாலாவதுக்குக் கையத் தூக்கும்போதுதான் பாட்டு முடியலன்னு தெரிஞ்சுது.”

ஆறு வருடமாக அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரரை அவன் தினமும் திட்டிவந்திருக்கிறான். இப்படி மரியாதையான முகத்தோடு எதிரில் உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்க்கவில்லை.

“உங்க ரெண்டாவது தட்டு மேலதான் மேடம் என் இருமல் வருது.”

“அய்யோ, மன்னிச்சுக்கங்க. அதான் நிஜமாவே எடுத்துடறாங்களான்னு பாக்க வந்திருக்கேன்.”

“அது நீங்கதான்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியுமே. என்கிட்ட வாயத் திறந்து படுத்திருக்கறவங்க எல்லாம் அதைச் சொல்ல வர்ற மாதிரியே இருக்கு.”

எஞ்சினியர் திரையைக் காட்டினார். தட்டலும் இருமலும் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தன. “பிரிக்க முடியாது. இருந்தா ரெண்டும் இருக்கும், போனா ரெண்டும் போகும். சாயங்காலத்துக்குள்ள அனுப்பியாகணும். ஒண்ணு பண்ணலாம். பழசை அழிச்சிட்டு, சார் இங்கயே புதுசா இருமட்டும்.”

ஸ்டூடியோ இருமல். அவன் கொள்கையின் தலையில் கல்லைப் போட்டதுபோல் இருந்தது. ஆனாலும் இருப்பது ஒரே சாட்சி. கண்ணாடி அறைக்குள் போய் மைக் முன்னால் நின்றான். இருமல் வரவில்லை. வந்ததெல்லாம் வெறும் கனைப்பு.

“சொல்லாம வந்து நிக்கிற மாமனார் மாதிரி இருக்கு,” என்றார் எஞ்சினியர். ஒன்பதாவது தடவை, “இது சளி சார். உங்க பழசுல ஒரு சந்தோஷம் இருக்கு,” என்றார்.

“எனக்கு ஆளுங்க முன்னாடிதான் வரும்.”

பக்கத்து இன்சூரன்ஸ் ஆபீசில் டீ நேரம். எஞ்சினியர் போய்க் கூப்பிட, ஏழு பேர் கோப்பைகளோடு வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

“சார் எவ்வளவு நேரம் இருமுவாரு?” என்று கேட்டார் மேனேஜர்.

“ஒரு செகண்ட்.”

“அப்ப சரி.”

விளக்கை அணைத்துப் பாட்டைப் போட்டார் எஞ்சினியர். தட்டலும் இருமலும் நீக்கிய பதிப்பு. இவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். மூன்று நிமிடம் ஓடியது. மௌனம் வந்தது. ஏழு பேரும் கை தட்டினார்கள். மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். உடனே பாட்டு மறுபடி ஆரம்பித்ததும், திருடிய பொருளோடு பிடிபட்டவர் போல உட்கார்ந்தார். இந்த அமளியில் இவன் இருமவே இல்லை.

பல் டாக்டர் விளக்கைப் போடச் சொன்னார். “ஏங்க தட்டுனீங்க?”

“முடிஞ்சிருச்சுல்ல மேடம்?”

“முடியல.”

“அப்ப அது பாட்டு மேல தப்பு,” என்றார் மேனேஜர். “எங்க மேல இல்ல.”

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

“பாட்டு மேலதான் மேடம் தப்பு.”

வேறொரு நாளாக இருந்தால் மேனேஜரை அப்படியே உட்கார வைத்து, ஆல்பத்தின் பத்துப் பாட்டையும் விளக்கி, டீயை ஆற வைத்திருப்பான். இன்று பல் டாக்டரின் முகத்தைப் பார்த்தான்; வாயை மூடிக்கொண்டான்.

“சார்,” என்றார் அவர் எஞ்சினியரிடம். “என் தட்டை எடுக்க வேண்டாம்.” கைப்பையின் மேல் இருந்த பிடி தளர்ந்திருந்தது. “சொல்லப்போனா, கொஞ்சம் சத்தமா வைக்க முடியுமா? அதுல பயந்து பயந்து தட்டுன மாதிரி இருக்கு.”

“அதைக் கூட்டினா இருமலும் கூடுமே மேடம்.”

“கூடட்டும்,” என்றார்கள் இருவரும்.

எஞ்சினியர் குமிழைத் திருகினார். இன்னும் கொஞ்சம் என்றார் பல் டாக்டர். இன்னும் என்றான் இவன். அதற்கு இடம் கொடுக்க மற்றதையெல்லாம் இறக்க வேண்டியிருந்தது. பலகை மூன்று முறை விழுவது போலத் தட்டல்; நடுவில் கடை ஷட்டரை இழுத்து மூடுவது போல இருமல். பிறகு எங்கோ அடுத்த தெருவில் ஒருவர் பாடினார்.

எஞ்சினியர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினார். “சார், பாட்டே கேக்கலையே.”

“பாட்டு ஸ்டூடியோ ஆல்பத்துல இருக்கு சார்,” என்றான் மூணு பதினொண்ணு. “வேணுங்கறவங்க அதுல கேட்டுக்கட்டும்.”