பின்னாடி பாத்து வாங்க

பெரம்பலூர் துறைமங்கலத்தில் குருநாதன் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பார்கள். சுவிட்ச் அகப்படாது. இருந்த சுவிட்சையெல்லாம் குருநாதன் கழற்றிவிட்டு, ஓட்டைகளை வெள்ளைத் தகடு வைத்து அடைத்துவிட்டான்.

அவனுக்குத் தொழில் மருந்துக்கடை. கடையில் கூட்டமில்லாத நேரத்தில் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் கம்ப்யூட்டர் வேலை. சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிப் பரண்மேல் வைத்து, விளக்கு, ஃபேன், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் அதிலிருந்து ஒயர் இழுத்தான். இனிமேல் யாரும் எழுந்துபோய் எதையும் போட வேண்டாம், வாயால் சொன்னால் போதும் என்றான்.

முதல் வாரம் அது யார் சொன்னாலும் கேட்டது. டிவி சீரியலில் ஒரு மாமியார் "நில்லுடி!" என்று கத்த, கூடத்து ஃபேன் நின்றது. அதனால் தன் குரலுக்கு மட்டும் கட்டுப்படுகிற மாதிரி மாற்றினான். அதன்பிறகு அவன் மனைவி பானுப்ரியாவுக்கு அடுப்படி விளக்கு வேண்டுமென்றால் கடைக்குப் போன் போட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்துப் பரணை நோக்கித் தூக்கிப் பிடிக்க வேண்டும். குருநாதன் கையில் இருமல் மருந்துப் பாட்டிலோடு, எதிரே நாலு பேர் நிற்க, "அடுப்படி விளக்கே, எரி!" என்பான். மருந்து வாங்க வந்தவர்கள் முதலில் பயந்தார்கள். அப்புறம் பழகிவிட்டது.

வீடு முடிந்ததும் கார். பழைய வெள்ளைக் கார், ஹேண்ட் பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் சும்மா பேருக்குத்தான் பிடிக்கும். அதைச் சரிபண்ணாமல், அதற்குள் இன்னொரு கம்ப்யூட்டரை வைத்தான். திருடன் வந்தால் வண்டி கிளம்பக்கூடாது என்பதற்காக, அந்தக் கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் எஞ்சினே ஸ்டார்ட் ஆகாதபடி செய்தான். ரிவர்ஸ் கியர் போட்டால் வண்டிக்குப் பின்னால் வைத்த கேமரா வேலை செய்யும். கூடவே பானுப்ரியாவின் குரல் வெளியே ஒலிக்கும்: "பின்னாடி பாத்து வாங்க! பின்னாடி பாத்து வாங்க! கண்ணு எங்க இருக்கு?" அந்தக் கடைசி வரி, பதிவு செய்த அன்று அவன் அவள் காலை மிதித்ததால் தானாக வந்தது. நன்றாக இருக்கிறதென்று அப்படியே விட்டுவிட்டான்.

கடைசியாக, போன வாரம், காரையும் வீட்டையும் இணைத்தான். கார் துறைமங்கலம் வந்தால் வாசல் விளக்கு தானாக எரியுமாம்.

இந்த நிலைமையில்தான் அவன் தங்கை தேன்மொழிக்கு அரியலூரில் வரன் வந்தது. தேன்மொழி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலையில் இருந்தாள். மாப்பிள்ளை பிரசாத் ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரிகல் பிரிவு. பெண் பார்த்துப் போயிருந்தார்கள். ஆனால் கூட்டத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இனி பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து, பிடித்திருந்தால் அங்கே கை நனைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குருநாதன், பானுப்ரியா, தாய்மாமன் செல்லப்பன் மூன்று பேரும் காரில் கிளம்பினார்கள். பெண் கூட வரக்கூடாது என்பது முறை, தேன்மொழி வீட்டில் இருந்தாள்.

செல்லப்பன் மாமா வழியெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். "நான் தலையாட்டுனப்புறம்தான் இலைல கை வைக்கணும். அதுவரைக்கும் ஒருத்தரும் பச்சத் தண்ணி குடிக்கக்கூடாது. புரியுதா மாப்ள?"

மாப்பிள்ளை வீடு ஒரு முட்டுச்சந்தில் கடைசிக்கு முந்தியதாக இருந்தது. சந்து ஒரே இறக்கம். குருநாதன் மெதுவாக இறக்கி, வீட்டு வாசலில் நிறுத்தினான். ஹேண்ட் பிரேக்கை நம்ப முடியாதே. இறக்கத்தில் நிறுத்தினால் ரிவர்ஸ் கியரில் போட்டு வைக்க வேண்டும் என்று டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தபடி, போட்டு வைத்தான். "கண்ணு எங்க இருக்கு?" என்றது கார். வரவேற்க வந்து நின்ற பிரசாத்தின் அம்மா உண்ணாமலை சட்டென்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "இங்கதான் தம்பி இருக்கேன், வாங்க" என்றார்.

வீடு நல்ல வீடு. காற்றோட்டமான கூடம். செல்லப்பன் மாமா சுவரைத் தட்டிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், மாட்டுக்கொட்டகையில் மாட்டிடமே ஏதோ விசாரித்தார். உள்ளே இலை போட்டார்கள். மாமா இன்னும் தலையாட்டவில்லை. சாம்பார் வாசனை வந்துகொண்டிருந்தது.

அப்போது குருநாதனின் போன் அடித்தது.

"அண்ணே, மோட்டாரு தானா ஓடுது. டேங்க் ரொம்பி வழியுது" என்றாள் தேன்மொழி.

"தானா எப்படி ஓடும்?"

"அத நீதான் சொல்லணும். தண்ணி எங்க கொட்டுதுன்னா, நேரா மீட்டர் பொட்டி மேல. நான் ஃபியூஸப் புடுங்கலாம்னு போனேன், உஸ்ஸுனு சத்தம் வருது. கைய எடுத்துட்டேன்."

"ஐயையோ, கிட்டப் போகாத! போன ஸ்பீக்கர்ல போட்டுப் பரண் பக்கம் காட்டு." குருநாதன் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, கூடமே அதிர, "மோட்டாரே, நில்லு!" என்றான்.

அவியல் பரிமாறிக்கொண்டிருந்த பெண்மணி கரண்டியோடு அப்படியே நின்றார். பின்னால் கூட்டு வாளியோடு வந்தவரும் நின்றார்.

"நின்னுடுச்சி" என்றாள் தேன்மொழி. உடனே, "ஐயோ, திரும்ப ஓடுது அண்ணே."

"நில்லு!"

"நின்னுச்சி. ஓடுது."

"நில்லுங்கறேன்ல!"

உண்ணாமலை பானுப்ரியாவின் காதில் குனிந்து, "தம்பிக்கு அடிக்கடி இப்படி வருமாம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

"தெனமும் வரும்ங்க" என்றாள் பானுப்ரியா. "ஆனா ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. மோட்டார்கிட்டதான் பேசறாரு." இதைக் கேட்டு உண்ணாமலையின் முகம் தெளிந்தது என்று சொல்ல முடியாது.

பிரசாத் மட்டும் விஷயத்தைப் பிடித்துக்கொண்டான். "மீட்டர் பொட்டில தண்ணி விழுதா சார்? அத மொதல்ல கவனிக்கணும். போன இப்படிக் குடுங்க." வாங்கிப் பேசினான். "ஏங்க, நான் பிரசாத். நீங்க இப்ப எங்க நிக்கறீங்க? சரி. செருப்பப் போட்டுக்கிட்டு வாசல் வழியா வெளில போயிடுங்க. செவுத்தத் தொடாதீங்க. மின்வாரியத்துக்கு நான் வேற போன்லேர்ந்து சொல்றேன், அவங்க வர்ற வரைக்கும் தெருவுலயே நில்லுங்க."

"தெருவுக்கு வந்துட்டேன். பக்கத்து வூட்டு ஆண்டாயி அக்காவும் நிக்கறாங்க. அவங்க மொளகா காயப் போட்டிருந்தாங்க. இப்ப அது ஊறுது" என்றாள் தேன்மொழி.

"மோட்டார் இன்னும் ஓடுதுங்களா? அங்க சத்தம் கேக்குதுங்களா?"

"நல்லாக் கேக்குது."

"நின்னா சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆரன் அடித்தது. கடைசி வீட்டில் கேஸ் சிலிண்டர் இறக்க வந்திருந்த டெம்போ வெளியே போக வேண்டும். குருநாதனின் கார் மறித்து நின்றது. குருநாதன் ஓடினான். வண்டியை எடுத்து, சற்று முன்னால் மதில் ஓரமாக இருந்த குறுகலான இடத்தில் ஒதுக்கினான். பிரசாத்தும் காதில் போனோடு பின்னாலேயே வந்திருந்தான்.

"நின்னுடுச்சிங்க!" என்றாள் தேன்மொழி. "இந்தத் தடவ நெசமாவே நின்னுடுச்சி."

"நின்னுடுச்சாம் சார்!" என்று பிரசாத் கத்தினான். குருநாதனுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் குரல் கொஞ்சம் லேட்டாப் போய்ச் சேர்ந்திருக்கு" என்று விளக்கம் சொன்னான். டெம்போ போனதும், காரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரப் பின்னால் எடுத்தான்.

"பின்னாடி பாத்து வாங்க! பின்னாடி பாத்து வாங்க! கண்ணு எங்க இருக்கு?"

"ஐயையோ, மறுபடி ஓடுதுங்க!" தேன்மொழி ஒரு நொடி யோசித்தாள். "ஏங்க, இப்ப அங்க எங்க அண்ணி கொரல் கேட்டுச்சே, அது காருதானே?"

"ஆமாங்க. கார்தான் பேசுச்சு."

"அண்ணனக் கியர மாத்தச் சொல்லுங்க."

பிரசாத் கார்க் கண்ணாடியைத் தட்டினான். குருநாதன் நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"நின்னுடுச்சி. திரும்ப ரிவர்ஸ் போடச் சொல்லுங்க."

"பின்னாடி பாத்து வாங்க!"

"ஓடுது! எடுக்கச் சொல்லுங்க, எடுக்கச் சொல்லுங்க! அண்ணன் அரியலூர்ல ரிவர்ஸ் எடுத்தா, பெரம்பலூர்ல எங்க மோட்டாரு ஓடுதுங்க."

பிரசாத் இதை அப்படியே குருநாதனிடம் சொன்னான். குருநாதன் கியரைத் திரும்ப நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக்கை மிதித்துக்கொண்டான். பிறகு அவன் வாயிலிருந்து மெதுவாக ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"பின்னாடி."

"பின்னாடி என்ன சார்?"

"காருக்குப் பின்னாடி இருக்கற கேமராவுக்குக் கம்ப்யூட்டர்ல நான் வச்ச பேரு, பின்னாடி. வூட்டுக்குப் பின்னாடி இருக்கற மோட்டார வாயால மோட்டாருன்னு கூப்புட்டாலும், கம்ப்யூட்டர்ல அதுக்கும் பின்னாடின்னுதான் வச்சிருக்கேன். ரெண்டும் தனித்தனியா இருந்த வரைக்கும் தொல்ல இல்ல. போன வாரம் சேத்துட்டேன். இப்ப காரு 'பின்னாடியப் போடு'ன்னா, வூடும் போட்டுடுது. நான் நிறுத்தறேன், காரு மறுபடி போடச் சொல்லுது. வண்டிய ஆஃப் பண்ணாலும் அதுக்குன்னு தனி பேட்டரி வச்சிருக்கேன்..."

அதற்குள் வாசலுக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். பானுப்ரியா கேட்டாள்: "அப்ப நம்ம சாப்பாட்டுக்கு ஒக்காந்த நேரமெல்லாம், காரு ரிவர்ஸ்ல நின்னுது, அங்க தண்ணி ஓடிக்கிட்டே இருந்துது?"

"ஆமா."

"பேரு வைக்கறதுக்கு ஒலகத்துல வேற வார்த்தையே கெடைக்கலியா? அதுலயும் மோட்டாருன்னு வச்சா மோட்டாரு கோவிச்சுக்குமா?"

குருநாதன் காரை ஃபர்ஸ்ட் கியரில் போட்டுவிட்டு இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல்லையும் வைத்தான். பெரம்பலூரில் மோட்டார் திரும்ப ஓடவில்லை. மீட்டர் பெட்டியின் உஸ் சத்தமும் அடங்கிவிட்டதென்று தேன்மொழி சொன்னாள். பிரசாத், "அப்படியும் கிட்டப் போகாதீங்க. காயட்டும்" என்றான். அவள் "சரிங்க" என்றாள். அப்புறம் அவன் ஏதோ கேட்டான், அவள் ஏதோ சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே மாட்டுக்கொட்டகைப் பக்கம் நடந்து போய்விட்டான், குருநாதனின் போனோடு.

இந்தக் களேபரத்தில் செல்லப்பன் மாமாவைக் காணோம். உள்ளே போய்ப் பார்த்தால் அவர் ஒண்டியாக இலையில் உட்கார்ந்து ரசத்துக்கு வந்திருந்தார்.

"மாமா! நீங்க தலையாட்டவே இல்லியே?"

மாமா வாய் நிறையச் சோற்றோடு தலையை ஆட்டினார். "ஆட்டிட்டேன். யாரும் இல்லாதப்ப ஆட்டுனேன். ஒக்காருங்க, ஆறிப்போவுது."

உண்ணாமலைக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. அப்பளக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எங்க வூட்ல ஒரு சம்பந்தம் பேசுனதுக்குக் கேஸு டெம்போ, தண்ணி மோட்டாரு எல்லாம் சாட்சிக்கு வந்துடுச்சே" என்றார்.

சாப்பாடு முடிந்து, தாம்பூலம் வாங்கி, கிளம்புகிற நேரத்தில்தான் அடுத்த சங்கடம் தெரிந்தது. முட்டுச்சந்து. வண்டி திரும்ப இடமில்லை. மேடு ஏறி ரிவர்ஸிலேயே வெளியே போக வேண்டும்.

"ஒரு நிமிஷந்தானே, ஓடுனா ஓடிட்டுப் போவுது" என்றார் மாமா.

"ஒரு சொட்டுகூட விழக்கூடாதுங்க" என்றான் பிரசாத். அவன் குரலில் அதுவரை இல்லாத ஒரு கண்டிப்பு இருந்தது. "டேங்க் தளும்ப நிக்குது. பொட்டி இன்னும் காயல. மின்வாரிய ஆளும் இன்னும் வரல. அவங்க அங்க நிக்கறாங்க."

"அப்ப காருக்குள்ள இருக்கற கம்ப்யூட்டரப் புடுங்கிப் போடு மாப்ள."

"புடுங்குனா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது மாமா. திருடன் வந்தா..."

"இந்த வண்டிய எந்தத் திருடன்டா எடுப்பான்!"

கடைசியில் வேறு வழியில்லாமல் நியூட்ரலில் போட்டுத் தள்ளுவதென்று முடிவாயிற்று. குருநாதன் உள்ளே ஸ்டியரிங்கில். பிரசாத், அவன் சித்தப்பா, பங்காளிகள், பரிமாற வந்தவர்கள் எல்லாரும் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காரின் முகத்தில் கைவைத்து, மேட்டில் பின்னோக்கித் தள்ளினார்கள். விருந்துச் சாப்பாடு சாப்பிட்ட வயிறு. மூன்று அடி ஏறும், ரெண்டு அடி இறங்கும். பங்காளி ஒருவர் பாதியிலேயே ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். செல்லப்பன் மாமா தள்ளவில்லை. வண்டிக்குப் பின்னால் கையை ஆட்டி நடந்துகொண்டு, "பின்னாடி பாத்து வாங்க! பின்னாடி பாத்து வாங்க!" என்று சத்தம் போட்டுக்கொண்டே போனார். கார் பேசாத குறையை அவர் தீர்த்துவைத்தார்.

மெயின் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் இருபுறமும் நின்று வழிவிட்டன. ஒரு டிரைவர் எட்டிப் பார்த்து, "என்னங்க, கல்யாணமா?" என்று கேட்டார். "இப்பத்தான் முடிவாச்சு" என்று வேர்வையைத் துடைத்துக்கொண்டு பிரசாத் சொன்னான். அதுவரை "சார்" என்று கூப்பிட்டவன், போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "பாத்துப் போங்க மச்சான். எங்கயும் ரிவர்ஸ் எடுக்காதீங்க" என்றான்.

குருநாதன் எடுக்கவில்லை. குன்னம் வந்ததும் கார் டீக்கடையைத் தாண்டிப் போய்விட்டது. பின்னால் வருவதற்குப் பதில், அடுத்த ஊர் வரைக்கும் போய் ரவுண்டு அடித்துத் திரும்பி வந்தான்.

"நாளைக்கே எல்லா சுவிட்சையும் திருப்பி மாட்டிடறேன்" என்றான் டீயை ஆற்றிக்கொண்டே.

"நாளைக்கு இல்ல. இன்னிக்கே."

"இன்னிக்கே."

அப்போது போன் அடித்தது. பிரசாத். குரலில் ஒரு தயக்கம். "மச்சான், ஒண்ணுமில்ல... பொட்டி காஞ்சிடுச்சான்னு கேக்கணும். அவங்க நம்பர் என்கிட்ட இல்ல. ஒங்க போன்லதானே பேசிக்கிட்டு இருந்தேன். கொஞ்சம் அனுப்பறீங்களா?"

குருநாதன் மனைவியைப் பார்த்தான். பானுப்ரியா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அனுப்புங்க" என்றாள்.

கேட்டான். தேன்மொழி அந்த நேரம் ஆண்டாயி அக்காவோடு சேர்ந்து ஊறிப்போன மிளகாயை வாரிக்கொண்டிருந்தாள்.

"நம்பர் குடுக்கலாம் அண்ணே" என்றாள். "ஆனா பேரச் சொல்லிக் கூப்புடச் சொல்லு. இவ்ளோ நேரம் பேசினாரு, ஒரு தடவகூட பேரு சொல்லல. 'ஓடுதுங்களா, ஓடுதுங்களா'ன்னேதான் கூப்புட்டாரு."