ஒட்டுவாரொட்டி

வேனிலிருந்து இறங்கியதும் குதிரை முதல் வேலையாக கிளினிக் கேட்டில் விலாவை வைத்து உரசியது. போன மாதம்தான் அடித்த பச்சை பெயின்ட் பெயர்ந்து வந்தது. கால்நடை டாக்டர் உமைமாவுக்குக் கோபம் வரவில்லை. குதிரைக்குப் பின்னால் அத்தர் வாசனையோடு இறங்கியவரைப் பார்த்ததும், அல்லா கண்ணைத் திறந்துவிட்டான் என்றுதான் தோன்றியது.

அப்துல் சமத் சாஹிப். மேல்விஷாரத்தில் தோல் தொழிற்சாலை, ஆம்பூரில் இன்னொன்று. பேரன் தன்சீல் அகமதின் கல்யாணத்துக்காக ராஜஸ்தானிலிருந்து வெள்ளைக் குதிரை வரவழைத்த செய்தியை ஊரே பேசியது. அந்தக் குதிரைக்குத்தான் இப்போது அரிப்பு.

அவருக்கு உமைமாவை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? கடைசியாக அவர் அவளைப் பார்த்தபோது அவளுக்கு ஒன்பது வயது. பார்த்திருந்தால்தானே.

அவளுடைய அத்தா கலீமுல்லா, சாஹிபின் தொழிற்சாலையில் தோலில் முடி உதிர ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் பதினோரு வருஷம் நின்றவர். கையுறை கிடையாது. முழங்கைக்குக் கீழே, சுண்ணாம்புத் தண்ணீர் தொடும் இடம் வரைக்கும், கோடு போட்டது போலத் தோல் வெடித்துச் சிவந்து அரித்தது. ஒரு நாள் துணிந்து, எல்லாருக்கும் கையுறை வேண்டும் என்று கேட்டார். மறுநாள் சாஹிப் முற்றத்தில் நின்று நூறு பேர் முன்னால் சொன்னார்: "கலீமுக்கு வந்திருக்கறது ஒட்டுவாரொட்டி. ஜாக்கிரதையா இருங்க."

கையுறை கேட்டவருக்குப் பட்டப்பெயர் கிடைத்தது. வேலை அன்றைக்கே போயிற்று. வேறு எந்தத் தொழிற்சாலையிலும் வாசலைத் தாண்ட விடவில்லை. அந்த வருஷப் பெருநாள் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வெளியே ஊரே ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தபோது, உமைமா புதுக் கவுனோடு சாலையோரம் நின்று அத்தாவைத் தேடினாள். அவர் இரண்டு கைகளையும் பாதி விரித்தபடி நின்றார். வந்தவர்கள் எல்லாம் ஒதுங்கிப் போனார்கள். கடைசியில் அவர் அந்தக் கைகளைத் தூக்கித் தொப்பியைச் சரி செய்துகொண்டார். தொப்பி சரியாகத்தான் இருந்தது.

சுண்ணாம்பை விட்ட ஆறாம் மாதமே கை ஆறிவிட்டது. பெயர் ஆறவில்லை. யாருக்கும் தன்னைத் தெரியாத அரக்கோணத்துக்குப் போய், ரயில் நிலையத்தில் பார்சல் தூக்கித்தான் அவர் மகளைக் கால்நடை மருத்துவம் படிக்க வைத்தார். அவள் மேல்விஷாரத்தில் கிளினிக் திறந்தபோதுதான் அவளோடு அவரும் ஊர் திரும்பினார். இருபத்திரண்டு வருஷம். இதில் ஒரு நாளைக்கூட உமைமா மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

"இன்னா டாக்டரம்மா, ஒரே பேஜாராப் போச்சு. ராத்திரி பகல்னு இல்லாம ஒராசிக்கினே கீது" என்றார் சாஹிப். "பொண்ணு வூட்டுக்காரங்க காதுக்குப் போயிடுச்சு. ஒட்டற வியாதி இல்லைன்னு டாக்டர் லெட்டர் குடுத்தாதான் குதிரையை மண்டபத்துக்குள்ள வுடுவாங்களாம். கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருக்குது."

அறையில் நாற்காலி இருந்தது. உமைமா உட்காரச் சொல்லவில்லை.

குதிரையிடம் மட்டும் அவள் அவசரப்படவில்லை. அதற்கும் இந்தப் பகைக்கும் என்ன சம்பந்தம்? கழுத்தைத் தட்டிக் கொடுத்து, பிடரி மயிரைப் பிரித்துப் பேன் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. சிவந்த இடத்தில் தோலை லேசாகச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். சொறிப்பூச்சி இல்லை. படர்தாமரை போல வட்ட வட்டமாக முடி கொட்டவும் இல்லை. வாலடியும் காலும் சுத்தமாக இருந்தன. கொசுக்கடி, ஈக்கடி என்றால் அங்கேதான் முதலில் தெரியும்.

பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து, சிவப்பு எங்கெங்கே என்று மொத்தமாகப் பார்த்தாள். முதுகில் சேணம் உட்காரும் இடம். வயிற்றைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குப் பட்டை. மூக்குக்கு மேல் ஒரு வார். அதற்கு ஒரு அங்குலம் தள்ளி ஒன்றுமே இல்லை. கோடு போட்டது போல.

அந்தக் கோட்டை அவள் எங்கே பார்த்திருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும்.

"சேணம் புதுசா?"

"புதுசு. நம்ம தோலு, நம்ம கம்பெனியிலயே செஞ்சது" என்றார் சாஹிப் பெருமையாக. "மிச்சத்துல வாட்சுக்கு ஸ்ட்ராப் கூடப் போட்டுக்கினேன்."

"போட்டு எத்தனை நாள்ல அரிப்பு வந்துச்சு?"

"நாலு நாள் இருக்கும்."

உமைமா குதிரைக்காரரைக் கூப்பிட்டாள். புதுச் சேணத்தை இனிமேல் போடவே கூடாது. அரிப்புக்காகக் குதிரை மேல் பூசியிருக்கும் எண்ணெயை வெதுவெதுப்பான தண்ணீரில், மருந்து ஷாம்பு போட்டு, தேய்க்காமல் கழுவ வேண்டும். நுரை சொட்டுக்கூட நிற்கக் கூடாது. ஈரம் போனதும் களிம்பு. இரண்டு வாரம் யாரும் ஏறக் கூடாது. அதற்கு மேல் பழைய சேணம் மட்டும், அடியில் துவைத்த பருத்தித் துணி போட்டு. சொல்லிவிட்டு ஊசியும் போட்டாள். குதிரை பெருமூச்சு விட்டது.

"இது ஒட்டற வியாதி இல்ல சாஹிப்" என்றாள். "சேணத்தோலைச் சரியாக் கழுவல. தோல் பதப்படுத்துன ரசாயனம் அதுலயே தங்கிடுச்சு, அதுதான் குதிரையை அரிக்குது. லெட்டர்ல அதை எழுதித் தர்றேன்."

சாஹிபின் முகம் மாறியது. சம்பந்தி செருப்புக் கம்பெனி நடத்துகிறவர். சாஹிபின் தோலைத்தான் வாங்குகிறார்.

"அதெல்லாம் எதுக்கும்மா? ஒட்டாதுன்னு மட்டும் எழுதேன்."

"காரணம் சொல்லாம எழுதுனா யாரு நம்புவாங்க?"

அவர் கொஞ்ச நேரம்தான் யோசித்தார். "அப்ப ஒட்டுவாரொட்டின்னே எழுதிடு. குதிரை வேணாம், மாப்ள கார்லயே போவட்டும். தோலு மேட்டரை வுட்டுடு."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை! இத்தனை வருஷமாக உமைமாவுக்கு ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது; இவர் ஒருவேளை தெரியாமல் சொல்லியிருக்கலாமோ என்று. தெரியாமல் சொல்லவில்லை. அன்றைக்கும் தோலைக் காப்பாற்றத்தான் ஆளைத் தள்ளினார், இன்றைக்குக் குதிரையைத் தள்ளுகிறார்.

"வாட்சைக் கழட்டுங்க சாஹிப்."

"இன்னா?"

"கழட்டுங்க."

கழற்றினார். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக, தடித்து, நகம் பட்ட கீறல்களோடு ஒரு வளையம். ஸ்ட்ராப்பின் அகலம் எவ்வளவோ அவ்வளவு.

"ஒட்டுவாரொட்டின்னே எழுதறேன்" என்றாள் உமைமா. "சம்பந்தி வூட்டுல உங்க கையைப் பாப்பாங்க. குதிரை கிட்டேர்ந்து தாத்தாவுக்கு ஒட்டிக்கிச்சுன்னு பேசுவாங்க. கல்யாணத்துல உங்களை எவனும் கட்டிப் புடிக்க மாட்டான். எங்க அத்தா பட்டது, ஒரு நாளைக்காவது நீங்களும் பட்டுப் பாருங்க."

சாஹிப் முதல் தடவையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "நீ யாரு வூட்டுப் பொண்ணு?"

"சுண்ணாம்புக் குழி கலீமுல்லா வூட்டுப் பொண்ணு."

அவர் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உமைமாவுக்கு அது இனித்தது. இனித்தது என்று சொல்ல அவளுக்கு வெட்கமில்லை.

"அது வேணாம்னா, யாரு கம்பெனித் தோலுன்னு நான் எழுத மாட்டேன்" என்றாள். "புதுச் சேணம் ஒத்துக்கல, ஒட்டாது. அவ்ளோதான் இருக்கும். ஆனா வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு, பள்ளிவாசல் வெளிய, எல்லாரும் இருக்கும்போது எங்க அத்தா கையைப் புடிக்கணும். அவருக்கு வந்தது ஒட்டுவாரொட்டி இல்ல, சுண்ணாம்பு, எனக்கு அப்பவே தெரியும்னு வாயைத் திறந்து சொல்லணும். சொன்ன அன்னிக்கு லெட்டர் உங்க கைக்கு வரும்."

வியாழக்கிழமை ராத்திரிச் சோறு போடும்போது அத்தாவிடம் சொன்னாள். அவர் "ம்" என்றார். ரசத்தை விட்டுக் கலந்து சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி நேரம் கழுவினார்.

வெள்ளிக்கிழமை தொழுகை கலைந்தபோது உமைமா எதிர்ச்சாரியில் ஸ்கூட்டரோடு நின்றாள், அன்றைக்குக் கவுனோடு நின்ற அதே பக்கம். சாஹிப் படியிறங்கி வந்து, செருப்புத் தேடிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே அத்தாவுக்கு எதிரில் நின்றார். ஊரே திரும்பிப் பார்த்தது.

"கலீம் பாய்க்கு வந்தது ஒட்டுவாரொட்டி இல்ல" என்றார். "சுண்ணாம்பு. எனக்கு அப்பவே தெரியும்."

கைகுலுக்கி முஸாஃபா செய்ய சாஹிப் இரண்டு கைகளையும் நீட்டினார். ஜிப்பா மேலேறி, இடது மணிக்கட்டில் சிவப்பு வளையம் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. அத்தா கையைக் கொடுப்பார், அழுவார், எல்லாம் முடியும் என்று உமைமா நினைத்தாள்.

கலீமுல்லா அந்தக் கைகளைப் பார்த்தார். அந்த வளையத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம் சாஹிப்" என்றார், நூறு பேருக்கும் கேட்கிற மாதிரி. "ஒட்டிக்கும்."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சாஹிபின் பக்கத்தில் நின்றவர் மெல்ல ஓரடி விலகினார். நீட்டிய கைகள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. கடைசியில் சாஹிப் அவற்றைத் தூக்கித் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

தொப்பி சரியாகத்தான் இருந்தது.