ஊருக்கொரு கால்

எபிங்கரம்மாவின் வலது பாதத்தில் ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தாள் நர்ஸ் வீப்கே. அங்கே வலியில்லை. குதிகாலை அழுத்தினாள். அங்கேயும் இல்லை. வீக்கம், சிவப்பு ஒன்றும் கிடையாது.

"ஃபுஸ்தான் நர்ஸம்மா வலிக்குது. நேத்துலேர்ந்து."

"சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினாள் வீப்கே. எபிங்கரம்மா முழங்காலுக்கு மேல் கம்பளியை இழுத்து விட்டுக்கொண்டாள். பித்தப்பை ஆபரேஷன் முடிந்து பத்து நாள் ஆகிறது. வயிற்றுக் காயத்துக்குக் கட்டு மாற்றத்தான் வீப்கே வீடு தேடி வருவது. கட்டை மாற்றினாள். 'பாதத்தில் வலி என்கிறார். பார்த்ததில் ஒன்றுமில்லை' என்று எழுதி வைத்தாள். "அடே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

தெற்கு ஜெர்மனியின் இந்த ஷ்வாபிய மலையூரில் 'அடே' என்றால் அதட்டல் இல்லை, போய்வருகிறேன் என்று அர்த்தம். வீப்கே வடகடல் ஓரத்துக்காரி. அங்கே விடிந்தாலும் இருட்டினாலும் 'மொயின்' என்ற ஒரே சொல்தான், கல்யாண வீட்டுக்கும் அதுதான், சாவு வீட்டுக்கும் அதுதான். வந்த முதல் வாரம், சாயங்காலம் நாலு மணிக்கு ரொட்டிக்கடையில் நுழைந்து மொயின் என்றாள். கடைக்காரி கெர்லிண்ட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இப்பதான் எந்திரிச்சீங்களா? நாங்க காலை வணக்கமெல்லாம் சொல்லி முடிச்சு எட்டு மணி நேரம் ஆச்சு." கடையே சிரித்தது. அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி, வந்தால் 'க்ரூஸ் கோட்', போனால் 'அடே' என்று எழுதி மனப்பாடம் செய்தாள். ஆனால் அதன் பிறகு எந்தச் சொல்லுக்கும் "அப்படின்னா என்ன?" என்று வாய்திறந்து கேட்கவில்லை. தலையாட்டினால் பிழைப்பு ஓடிவிடுகிறது. பதினொரு வாரம் ஓடியும்விட்டது.

இன்றைக்கு மட்டும் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. அடுத்த வீட்டில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தவள், எண் மறந்துபோய் மறுபடி பார்த்தாள். தையல் பிரிக்கும்போதுகூட முகம் சுளிக்காத மனுஷி எபிங்கரம்மா. அவள் ஏன் வலி வலி என்று சொல்ல வேண்டும்?

மதியம் ரொட்டிக்கடைக்குப் போனாள். கெர்லிண்ட் யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தாள். "படியேற முடியல. ஃபுஸ் விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது" என்று தொடையில் தட்டிக் காட்டினாள்.

"அது தொடையாச்சே" என்றாள் வீப்கே.

"ஃபுஸ்தான். இடுப்புக்குக் கீழ எல்லாமே ஃபுஸ்தான். உங்க ஊர்ல துண்டு துண்டா வெட்டியா வெச்சிருக்கீங்க?"

நாம் கால் என்கிறோமே, அதே கணக்கு. வீப்கே படித்த ஜெர்மனில் அந்தச் சொல் பாதத்துக்கு மட்டும்தான், கணுக்காலோடு நின்றுவிடும். ஆபரேஷன், பத்து நாள் படுக்கை, ஒற்றைக் கால் வலி. தொடை ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியிருந்தால், அது நெஞ்சுக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகும்?

ஓடினாள். காரில் இருந்தபடியே போன் அடித்தாள், யாரும் எடுக்கவில்லை. முன்னால் ஒரு டிராக்டர் மலைப்பாதையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. "நகருய்யா, நகரேன்" என்று கண்ணில் நீர் முட்டக் கெஞ்சினாள். அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது.

எபிங்கரம்மா மாடிப்படியில் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். பொதுப்படியைப் பெருக்குவது இந்த வாரம் அவள் முறை. முறை வந்துவிட்டால் இந்த ஊரில் ஆபரேஷன் எல்லாம் சாக்கு ஆகாது.

"ஆடாம அசையாம அப்படியே உக்காருங்க" என்று அவளைப் படியிலேயே உட்கார வைத்துப் பாவாடையை உயர்த்தினாள் வீப்கே. கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும். வலது தொடை இடது தொடையைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது, தொட்டால் கொதித்தது. ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். எங்கே வலி என்று போனில் கேட்ட ஆளிடம், "இடுப்புலேர்ந்து முழங்கால் வரைக்கும்" என்று கையால் அளந்து காட்டிக்கொண்டே சொன்னாள், அவன் பார்ப்பது போல.

"காலையிலேயே தொடைன்னு ஏம்மா சொல்லல?" என்றாள் எபிங்கரம்மாவிடம்.

"சொன்னேனே" என்றாள் எபிங்கரம்மா. குரலில் கோபம் இல்லை. "ஃபுஸ்னு சொன்னேன். நீங்க தலையாட்டினீங்க."

"நான் பாதம்னு நெனச்சுட்டேன். கேக்க வெக்கமா இருந்துச்சு."

எபிங்கரம்மாவுக்கு மூச்சு கொஞ்சம் வாங்கியது. "இன்னும் மூணு படி பாக்கி" என்று துடைப்பத்தை எட்டி எடுக்கப் போனாள். வீப்கே இரண்டு கையாலும் அவளைப் பிடித்துக்கொண்டாள். கீழ்வீட்டுக்காரர் மேலேறி வந்து துடைப்பத்தை எடுத்தார், பெருக்க ஆரம்பித்தார். தெருவில் இன்னும் ஆம்புலன்ஸ் சத்தம் இல்லை. துடைப்பம் மட்டும் சரக் சரக்கென்று இறங்கிக்கொண்டிருந்தது.

"மூலைய விட்டுட்டார் பாருங்க" என்றாள் எபிங்கரம்மா, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்து.