முகம் தெரியாத பதினோரு படங்கள்

மார்ச் 11, செவ்வாய்.

சென்ற வாரக் குறிப்பில் ஒரு பிழை. அக்கா சைமியை ஏரியில் வைத்து எடுத்தபோது பதிவான படங்கள் பதினொன்று என்று எழுதியிருந்தேன். பன்னிரண்டு. இன்று மெமரி கார்டைக் கணினியில் போட்டு இரண்டு முறை எண்ணினேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லையென்றால் நாளைக்கு நானே இதை மாற்றிச் சொல்லிவிடுவேன்.

புகைப்பட வகுப்பு மாலை ஐந்து மணிக்கு. வெளிச்சம் போவதற்குள் எங்களை முற்றத்துப் பனிக்கு அனுப்பினார் ஆசிரியை. இரண்டிரண்டு பேராக நின்று, ஒருவர் முகத்தை மற்றவர் எடுக்க வேண்டும். எனக்கு ஜோடி ஹெல்கா. யோயென்சு நகரப் பேருந்து ஓட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய கேமராவின் பிடி எப்போதோ கழன்றுவிட்டது, கறுப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறார். என்னுடையது புதியது. கிறிஸ்துமஸுக்கு அம்மா வாங்கித் தந்தது.

அந்தப் புதுக் கேமரா ஏன் வந்தது என்பதையும் எழுத வேண்டும். என் அக்கா சைமி போன ஏப்ரலில் சாலை விபத்தில் இறந்தாள். அதற்கு மூன்று வாரம் முன்பு, உறைந்த ஏரியின் மேல் நான் எடுத்தவைதான் அவளுடைய கடைசிப் படங்கள். பதினொன்றிலும் பனி இருக்கிறது, மறுகரைக் காடு இருக்கிறது, அவளுடைய குஞ்சம் வைத்த தொப்பி இருக்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு. கணினியில் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். கறுப்பு சாம்பலாகி, சாம்பலில் புள்ளிகள் வந்தன. வாய் போல ஏதோ வந்தது. கண்கள் வரவில்லை. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

கேமரா சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அந்தப் பழைய கேமராவையும் எனக்கு வாங்கித் தந்தவர் அம்மாதான்.

"நான்தான்டா ஒண்ணுக்கும் உதவாததை வாங்கிக் குடுத்துட்டேன். இல்லன்னா எம் பொண்ணோட மொகமாவது இருந்திருக்கும்" என்று போனில் பேசும்போதெல்லாம் சொல்கிறார். நான் ஒரு தடவைகூட மறுத்ததில்லை.

முற்றத்தில் ஹெல்காவுக்குப் பின்னால், கூரையை ஒட்டிச் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நிறம் படத்தில் வேண்டும் என்று தோன்றியது. எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு எடுத்தேன். திரையைப் பார்த்தேன். பனி, கூரை, தொப்பி, நடுவில் கறுப்பு. எதிரே நிற்பது ஹெல்காதானா என்று நிமிர்ந்து பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"என்னப்பா தனேலி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? காட்டு." திரையில் வெயில் படாமல் நான் திரும்பிக்கொள்ள, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "நல்லாருக்கு. கரிச்சட்டிக்குத் தொப்பி போட்டு விட்ட மாதிரி."

"கேமரா புதுசு. இன்னும் பிடிபடல" என்றேன்.

"கேமரா புதுசுதான். ஆளு பழைய ஆளாச்சே."

பதிலுக்குக் காத்திராமல் என் தோள்கள் இரண்டையும் பிடித்து, குடித்துவிட்டு வந்த பயணியை வாசல் பக்கம் திருப்புவதுபோல, அரைவட்டம் திருப்பினார்.

"இப்ப வெயில் யாரு மூஞ்சில?"

"என் மூஞ்சில."

"அவ்ளோதான். வெயிலு பின்னாடி இருந்தா பஸ்ல ஏறுறது யாருன்னு எனக்கே தெரியாது. எம் புருஷன்கிட்டயே டிக்கெட் கேட்டுருக்கேன்."

அப்படியே நிறுத்தி என்னை எடுத்தார். டேப் சுற்றிய அந்தக் கேமராவில் என் இமை மயிரில் ஒட்டியிருந்த உறைபனிகூடத் தெரிந்தது. மற்றவர்களோடு காபியும் ஏலக்காய் பன்னும் சாப்பிட்டேன். அவர்கள் அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தோள்களில் அந்தப் பிடி இருந்துகொண்டே இருந்தது. என்னை இதற்கு முன்பும் யாரோ அப்படித் திருப்பியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கார்டைப் போட்டேன். பன்னிரண்டாவது படத்தில் சைமி இல்லை. அதனால்தான் இத்தனை மாதமும் அதை எண்ணாமலே தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். அதில் இருப்பது நான். மூக்கு சிவந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒவ்வொரு இமை மயிரும் தெரிகிற மாதிரி. பதினொன்றாவது படம் 4.21க்கு. இது 4.23க்கு. அதே பழைய கேமரா, அதே ஏரி. என் தோள்களைப் பிடித்துத் திருப்பி நிறுத்தி எடுத்தவள் சைமி. கேமராவைப் பற்றி அவளுக்கு எந்தப் பொத்தான் என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது.

படத்தின் கீழ் விளிம்பிலிருந்து அவளுடைய நிழல் பனியின் மேல் நீளமாகக் கிடக்கிறது. முழங்கைகள் இரண்டும் விரிந்திருக்கின்றன. தொப்பியின் குஞ்சம் என் பூட்ஸைத் தொடுகிறது.

அவள் சொன்னதும் நினைவு வந்துவிட்டது. நான் எடுத்துக்கொண்டிருந்தபோது, "கொஞ்சம் வெயில் பக்கமா திரும்பிக்கட்டுமாடா? மொகம் விறைச்சுப் போச்சு" என்றாள்.

"வேண்டாம், பின்னாடி காடு நல்லா விழுது. அப்படியே நில்லு" என்றேன்.

பதினொரு முறையும் அப்படியே நின்றாள்.

அம்மாவுக்குப் போன் செய்ய எடுத்து, இரண்டு எண்களை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். போனில் சொன்னால் சுருக்கிவிடுவேன்.

நாளை மதிய இடைவேளையில் பன்னிரண்டாவது படத்தை அச்சிட வேண்டும். மாலை ரயிலில் அம்மா இருக்கும் நுர்மெஸ் ஊருக்குப் போய் அதை அவரிடம் கொடுக்க வேண்டும். கேமரா நன்றாகத்தான் இருந்தது, அவளை வெயிலுக்கு முதுகு காட்டி நிறுத்தியது நான்தான் என்று, அம்மா காபி ஊற்றுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.