டீச்சர் வலை

இயற்பியல் டீச்சருக்கு அன்று பாராட்டு விழா. அப்படித்தான் அவள் அண்ணன் போனில் சொன்னான். அவன் வேலை பார்க்கும் மீன்வளத்துறை அலுவலகத்தில் கூட்டமாம், அவள் செய்த பாடத்தால் துறைக்கே நல்ல பெயராம், கட்டாயம் வரவேண்டுமாம்.

அந்தப் பாடம் பிறந்த கதை இதுதான். பள்ளியில் முன்பு ஓர் ஆய்வகம் இருந்தது. தலைமையாசிரியர் தராசுகளையும் கம்பிச் சுருள்களையும் மூட்டைகட்டிவிட்டு, அந்த அறையில் கால் உடைந்த நாற்காலிகளை அடுக்கினார். பக்கத்து அறையில் கணினிகளை வரிசையாக வைத்து ‘மெய்நிகர் ஆய்வகம்’ என்று பலகை மாட்டினார். ஊசல் திரையில் ஆடும், சுருள்வில் திரையில் நீளும், எந்தப் பிள்ளைக்கும் விடை தப்பாது. தப்பே வராத சோதனையில் என்ன மண்ணாங்கட்டியைக் கற்றுக்கொடுப்பது என்று டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சம்பளம் வாங்குகிறவள் சும்மா இருக்க முடியுமா? தானே ஒரு பாடம் செய்தாள். தண்ணீருக்குள் படகு ஒரு வலையை இழுக்கும். வேகத்தைக் கூட்டினால் தண்ணீரின் எதிர்ப்பு கூடும். பெரிய மீன் மாட்டும், குஞ்சு மீன் வலையின் கண் வழியாக நழுவிப் போகும்.

பத்தாம் வகுப்புக்கு அதற்குமேல் கணக்கு தாங்காது என்பதால் அடியில் ஒரு வரி எழுதினாள்: ‘இழுக்கும்போது வலையின் கண் மூடிக்கொள்வதைப் புறக்கணிக்க.’

இயற்பியலில் இது தினமும் புழங்குகிற சொல். உராய்வைப் புறக்கணிக்க, காற்றுத் தடையைப் புறக்கணிக்க என்று எழுதாத வாத்தியார் கிடையாது. விஷயம் இருக்கிறது, இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். அண்ணன் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது அந்தப் பாடத்தைப் பார்த்து வாயைப் பிளந்தான். “ஆபீஸ்ல காட்டுறேன் பாப்பா” என்று பிரதி எடுத்துக்கொண்டு போனான். அலுவலகத்தில் அவனுக்கு ‘சரிங்க சார்’ என்று பட்டப்பெயர். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவான். பாவம், சூதுவாது தெரியாதவன் என்று டீச்சருக்கு அவன்மேல் தனிப் பாசம்.

அலுவலகம் ஏலக்கூடத்தின் மாடியில் இருந்தது. ஏலக்கூடத்தை மிதிக்காமல் மாடி ஏற வழியில்லை. டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்தாள்.

நடுக்கூடத்தில் ஒரு குவியல் கிடந்தது. முதலில் அது என்னவென்றே புரியவில்லை. குனிந்து பார்த்தால் அத்தனையும் மீன் குஞ்சு, சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. கசங்கி, வயிறு பிதுங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிக் கிடந்தன. அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்து அவள் செருப்புக்குள் புகுந்தது. ஈ மொய்க்கிற அந்தக் கூழை ஒருவன் மண்வெட்டியால் அள்ளி மூட்டையில் போட்டான். கோழித் தீவனத்துக்காம். ஏலம் விடுகிறவர் மேசைமேல் ஏறி நின்று கத்தினார்: “டீச்சர் வலை மீன்! டீச்சர் வலை மீன்! யார் கேக்கிறா?”

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வலைகளைச் சோதிக்கும் ஆய்வாளர் தூணில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். அவரிடம் போய்க் கேட்டாள்.

“அது என்ன சார் டீச்சர் வலை?”

“யாரோ ஒரு டீச்சர் கம்ப்யூட்டர்ல செஞ்ச வலையாம். குஞ்சு எல்லாம் தப்பிச்சிடும்னு நிரூபிச்சிருக்காங்களாம். அதான் கழிமுகத்துல இழுக்க விட்டிருக்கோம்.”

“கழிமுகத்துலயா? குஞ்சு வளர்ற இடமாச்சே!”

“சோதனைக்குத்தான் விட்டது. இன்னிக்கு மாடியில கையெழுத்துப் போட்டா நிரந்தரம்.”

“இழுக்கும்போது கண் மூடிக்குதே, நீங்க பார்க்கலையா?”

“பார்த்தா? விதியிலயே போட்டிருக்கே. கண் மூடிக்கொள்வதைப் புறக்கணிக்கவும்னு. நானும் புறக்கணிச்சிட்டேன்” என்று சொல்லிவிட்டு, குத்தியெடுத்ததைத் துப்பினார்.

அந்த வாயிலிருந்து வந்தது டீச்சர் எழுதிய வரி. படித்த அதிகாரிகள் பாடத்தில் இருந்த வரியைச் சட்டத்தில் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள்! இப்படியும் ஒரு மடத்தனம் உண்டா? கையெழுத்துப் போடுவதற்குள் விளக்கிச் சொல்லிவிட்டால் கழிமுகம் பிழைக்கும் என்று நினைத்தாள். ஓரத்தில் கிடந்த பழைய வலைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினாள்.

மேலே ஏசி. வாசனைத் தெளிப்பானைத் தாராளமாக அடித்திருந்தார்கள், அது கீழிருந்து வந்த நாற்றத்தோடு கலந்து இன்னும் கேவலமாக இருந்தது. திரையில் அவளுடைய நீலக் கடலில் அவளுடைய குட்டி மீன்கள் வலைக்குள்ளிருந்து துள்ளித் துள்ளி வெளியே போய்க்கொண்டிருந்தன. துறைத் தலைவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி அதை ரசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தலைமையாசிரியர், இன்னொரு வரிசைக் கணினி கிடைக்கிற பூரிப்பில் இருந்தார். அண்ணன் நாற்காலி இழுத்துப் போட்டான்.

டீச்சர் உட்காரவில்லை. “சார், அந்த வரி பிள்ளைங்களுக்காக எழுதினது. கடலுக்கு இல்ல” என்றாள்.

“கண்டிப்பா, கண்டிப்பா” என்றார் தலைவர். “முதல்ல டீ சாப்பிடுங்க.”

“இந்தக் கண்ணுக்குள்ள உங்க விரலை விடுங்க சார்.”

தலைவர் விளையாட்டு என்று நினைத்து ஆள்காட்டி விரலை விட்டார். உள்ளே தாராளமாகப் போனது. “கண்ணுல விரலை விட்டு ஆட்டுறதுன்னா இதுதானா?” என்று அவரே ஆட்டிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் வலையின் ஒரு முனையை அண்ணன் கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு, “இழு அண்ணா” என்றாள். இருவரும் இழுத்தார்கள். சதுரமாக இருந்த கண் நீண்டு ஒடுங்கியது. நூல் விரலைக் கவ்வியது.

“ஏய், வலிக்குது! விடும்மா!”

“புறக்கணிங்க சார்” என்றாள் டீச்சர்.

அண்ணன்தான் முதலில் கையை விட்டான். தலைவர் சிவந்துபோன விரலை வாயில் வைத்துச் சூப்பினார். புரிந்துவிட்டது என்று டீச்சர் நம்பினாள்.

“இதோ பாருங்கம்மா,” என்றார் தலைவர், விரலைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே. “நீங்க கொண்டுவந்தது நிஜ வலை. நாங்க அனுமதி கொடுக்கிறது உங்க பாடத்துல இருக்கிற வலைக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.”

வாய் கூசாமல் சொன்னார். சொல்லிவிட்டுக் கையெழுத்தும் போட்டார். மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகப் போட்டார்கள். தலைமையாசிரியர் கைதட்டினார்.

அண்ணன் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிவந்தான். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

“ஒருத்தருக்குக்கூட மூளை இல்லையா அண்ணா? நீயும்தானே இழுத்தே? கண் மூடினது உன் கைக்குத் தெரியலையா?”

“தெரிஞ்சுது பாப்பா” என்றான் அண்ணன் சாந்தமாக. “முதல் நாளே எல்லாருக்கும் தெரியும். படகுக்காரங்க நாலு வருஷமா கழிமுகத்தைக் கேட்டு நச்சரிக்கிறாங்க. கொடுக்க ஒரு காரணம் அகப்படல. உன் வரியைப் பார்த்ததும் நான்தான் தலைவர்கிட்ட சொன்னேன், இது போதும் சார்னு.”

“நீயா?”

“ஆமா. விதி எழுதினதே நான்தான். ‘புறக்கணிக்க’ன்னு மொட்டையா இருந்துச்சு, ‘புறக்கணிக்கவும்’னு மரியாதையா மாத்தினேன்.” அவன் முகத்தில் வெட்கமே இல்லை. வேலையைச் சுத்தமாக முடித்தவனின் திருப்திதான் இருந்தது. “வா, போட்டோ எடுக்கணும். உன்னை நடுவுல நிக்கச் சொல்றாங்க.”

டீச்சர் அவனைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் இவனை அப்பாவி என்று நினைத்தல்லவா பாசம் வைத்திருந்தாள்! அவன் அவள் தோளைத் தொட்டான். கூழில் கை வைத்ததுபோல அவளுக்கு உடம்பு கூசியது. படிக்கட்டுவரை ஓடி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள்.

அலுவலக உதவியாளர் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார். “புதுசா வர்றவங்களுக்கு இப்படித்தான் டீச்சர், மீன் நாத்தம் ஒத்துக்காது. உள்ள வந்து ஏசியில உக்காருங்க, சரியாயிடும்.”

டீச்சர் வாயைக் கொப்பளித்தாள். “வேண்டாம்ப்பா. உள்ள அடிக்கிற நாத்தத்துக்குத்தான் வாந்தி வந்தது” என்று சொல்லிவிட்டு, கீழே மீன் குவியல் இருந்த பக்கமே இறங்கிப் போனாள்.