தடைக்காலத்துச் சவுரி

டிரோனைக் கண்டுபிடித்தவனுக்குத் தலை நிறைய முடி இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மனிதர்களை மேலே இருந்து படம் பிடிக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியே இருக்காது.

போன தை மாதம் ராயபுரத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். சீர்த்தட்டோடு பெண்கள் வரிசையாக நிற்க, அந்த இயந்திரம் எங்கள் தலைக்கு மேல் வட்டமடித்தது. பந்தி நடக்கும்போது அதையே பெரிய திரையில் ஓட விட்டார்கள். எல்லாம் பூ வைத்த தலைகள். நடுவில் ஒரே ஒரு தலையில் மட்டும் வகிடு எண்ணூர் விரைவுச்சாலை அகலத்துக்குப் போய், உச்சியில் ஒரு ரவுண்டானாவில் முடிந்தது.

பட்டம்மாள் சின்னத்தை, அதாவது என் மாமியாரின் தங்கை, பாயசத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரையைக் கை காட்டினார்.

"யார்ரா அது, பொம்பளைங்க நடுவுல ஒரு பெர்சு நின்னுகினு கீது?"

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பெர்சு நான்தான். பெயர் ரேகா, வயது நாற்பத்து மூன்று. வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுவிட்டு ஒரு வாளி நிறையும் வரை அழுதேன்.

மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. கேட்டில் நின்று வண்டிகளைச் சரிபார்த்து உள்ளே விடுவேன். அங்கே மஞ்சள் ஹெல்மெட் கட்டாயம். என்னைப் போன்றவளுக்கு அரசாங்கம் செய்த ஒரே நல்ல காரியம் அது. காலையில் தலையில் ஏறினால் மாலையில்தான் இறங்கும். சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டேன். "யக்கா, சோத்துலயா கண்டெய்னர் வுழப் போவுது?" என்று கிரேன் ஓட்டும் சுஃபியான் தினமும் கேட்பான். தினமும் அதே கேள்வி. அவனுக்கும் வேறு பொழுதுபோக்கு இல்லை.

செய்யாத வைத்தியமா? சின்ன வெங்காயச் சாறு தடவினேன். கேட்டுக்கு வந்த லாரிக்காரர்கள் எல்லோரும் இன்று கேன்டீனில் சாம்பாரா என்று விசாரித்தார்கள். செம்பருத்தி அரைத்துப் பூசினேன், வழுக்கிக்கொண்டு கண்ணில் இறங்கியது. கருஞ்சீரக எண்ணெய் தலையணைக்குத்தான் நன்றாக ஒத்துக்கொண்டது. கடைசியில் ஆஸ்பத்திரித் தோல் டாக்டரிடம் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு ரத்தமே அரை டம்ளர்தான் இருக்கிறது என்கிற மாதிரி அந்தம்மா என்னைப் பார்த்தார். இரும்புச்சத்து மாத்திரை, தலையில் தடவ ஒரு மருந்து, முடியை இழுத்துக் கட்டாதே என்று ஒரு புத்திமதி.

"எப்ப டாக்டர் மொளைக்கும்?"

"ஆறு மாசமாவது ஆகும்மா. முதல்ல இன்னும் கொஞ்சம் கொட்டும். பயந்து நிறுத்திடாதீங்க."

கொட்டுவதை நிறுத்த வந்தவளிடம் முதலில் கொட்டும் என்கிறாரே! இருந்தாலும் படித்தவர் சொல்கிறார் என்று தடவினேன். சொன்னபடியே கொட்டியது.

ஆறு மாதம் பொறுக்கலாம். ஆனால் சித்திரைக் கடைசியில் என் நாத்தனார் அங்கம்மாவின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. திருவொற்றியூரில் மண்டபம். என் வீட்டுக்காரர் தண்டபாணிதான் தாய்மாமன். தாய்மாமன் சீரில் முதல் தட்டை அவர் பெண்டாட்டி தூக்க வேண்டும். அதாவது நான், முன்வரிசையில், நட்டநடுவில். "அதே வீடியோக்காரருதான் அண்ணி, டிரோன் உண்டு" என்று அங்கம்மா பெருமையாகச் சொன்னபோது என் உச்சி தானாகக் குளிர்ந்தது.

என்னிடம் ஒரு யோசனை இருந்தது. இரண்டு வருடமாகச் சீப்பில் வந்த முடியையெல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில் சேர்த்து வைத்திருந்தேன். குப்பையில் போட மனம் வரவில்லை. என் முடி அல்லவா? பழைய வண்ணாரப்பேட்டையில் பார்லர் வைத்திருக்கும் தஹ்சீன், சொந்த முடியிலேயே சவுரி கட்டினால் நிறம் அப்படியே ஒத்துப்போகும் என்று எப்போதோ சொல்லியிருந்தாள். விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, பையை எடுக்கக் கதவுக்குப் பின்னால் கை விட்டேன். பை இல்லை. அடுப்படியில் ஒரு புது எவர்சில்வர் தூக்கு பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

தண்டபாணிக்குப் படகில் வேலை. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டதால் காசிமேட்டில் வலை பின்னுவதும், மற்ற நேரம் வீட்டில் என் பொருட்களை இடம் மாற்றுவதும்தான் அவர் உத்தியோகம்.

"கதவாண்ட குப்பையா மாட்டிக் கெடந்துச்சும்மே. முடிக்காரன் வந்தான், குடுத்துட்டேன். தூக்கு எப்டி கீது? கைப்புடிய பாரு, இன்னா கனம்!"

ஹெல்மெட்டை எடுத்து மாட்டினேன். என் முகத்தைப் பார்த்து அவரே வண்டிச் சாவியை எடுத்துவிட்டார்.

முடிக்காரர்களைச் சத்தத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். "சிக்கு முடி, சீப்புல வந்த முடிக்கு எவர்சில்வர் பாத்திரம்" என்று வண்டியில் கட்டிய ஒலிபெருக்கி நாள் முழுக்கக் கத்தும். ஆனால் ராயபுரத்தில் கத்தாத வண்டி எது? முதலில் துரத்திப் பிடித்தது உப்பு வண்டி. அடுத்தது பழைய இரும்பு. அவன் என் ஹெல்மெட்டைப் பார்த்து, அதையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். கடைசியாக மூலக்கொத்தளத்தில், சுடுகாட்டுச் சுவரை ஒட்டிய டீக்கடை வாசலில் எங்கள் ஆள் பன் தின்றுகொண்டிருந்தார். பெயர் லட்சுமணன். மொபெட்டில் பெரிய கோணி.

"குடுத்தது குடுத்ததுதான் யக்கா. வேணும்னா தூக்கத் திருப்பிக் குடு."

"தூக்குல கொழம்பு ஊத்திக் கீது" என்றார் தண்டபாணி. எப்போது ஊற்றினாரோ தெரியவில்லை.

"அது என் முடிப்பா. ரெண்டு வருசமா சேத்தது. கொழம்ப குடிச்சிட்டு உன் தூக்க நாளைக்கே தரேன். என் தலைய குடுத்துருப்பா."

லட்சுமணன் பன்னைக் கீழே வைத்தார். கோணியைப் பிரித்துச் சுத்தமான சாக்கின் மேல் கொட்டினார். ஒவ்வொரு வீட்டு முடியும் தனித்தனிப் பையில் இருந்தது. எல்லாம் ஒரே ஜவுளிக்கடைப் பை.

"இதுல எது உன்னுதுன்னு எப்டி சொல்லுவ? உங்க தெருவுலயே பதினோரு பை."

"பதினொண்ணா?"

"குடுக்காத வூடே கெடையாது யக்கா. இது டைலர் அம்மா. இது மாடி வூட்டுப் பொண்ணு, இப்பதான் காலேஜ் போவுது. இது ரேஷன் கடக்காரம்மா."

ரேஷன் கடைக்காரம்மாவா? முழங்கால் வரைக்கும் பின்னல் வைத்திருப்பவளா? நான் ஒவ்வொரு பையாகத் தொட்டுப் பார்த்தேன். தெருவில் எனக்கு ஒருத்திக்குத்தான் கொட்டுகிறது என்று நினைத்து எத்தனை வாளி நிரப்பியிருக்கிறேன்! எனக்கு ஆத்திரமாகவும் வந்தது, அப்பாடா என்றும் இருந்தது.

"பச்ச கேட்டு வூட்டு வயசானம்மா மட்டும்தான் ஒரு முடி கூட குடுத்ததில்ல" என்றார் லட்சுமணன். "அது வாங்கற பார்ட்டி. என் வூட்டுக்காரி கட்ற கொண்டைதான் அதுக்கு. வருசம் ஒண்ணு."

பச்சை கேட் வீடு பட்டம்மாள் சின்னத்தையுடையது. அந்தக் கன்னங்கரிய தேங்காய்க் கொண்டை! "இந்த வயசுலயும் எனுக்கு ஒரு நரை காட்டு பாப்போம்" என்று ஊர் முழுக்கச் சவால் விடும் கொண்டை! அன்று மட்டும் எனக்கு இரும்புச்சத்து தானாக ஏறியது. இன்னொரு தடவை வாயைத் திறக்கட்டும், மண்டபத்திலேயே மானத்தை வாங்குகிறேன் என்று முடிவு கட்டினேன்.

அதற்குள் தண்டபாணி ஒரு பையைத் தூக்கிவிட்டார். கொடுக்கும்போது அதன் வாயை நைலான் நூலால் கட்டியிருந்தார், வலைக்குப் போடுகிற முடிச்சு. கையெழுத்தை மறந்தாலும் தன் முடிச்சு அவருக்கு மறக்காது.

அங்கிருந்து நேராகத் தஹ்சீனிடம் போனோம். அவள் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். "யக்கா, இது முடியா, பேஜாரு. வேரு எது, நுனி எதுன்னே தெர்ல. சிக்கெடுக்கவே ஒரு மாசம் ஆவும். என்கிட்ட ஆளு இல்ல."

பெண்கள் பார்லர் என்பதால் வெளியே நின்றிருந்த தண்டபாணி, கதவு இடுக்கில் வாயை வைத்து, "சிக்கெடுக்கறதுதானம்மா எங்க பொழப்பே?" என்றார்.

மறுநாளிலிருந்து காசிமேட்டு வலைக் கொட்டகையில் ஐந்து ஆண்பிள்ளைகள் காலை நீட்டி உட்கார்ந்து என் முடியைப் பிரித்தார்கள். ஏதோ கோயில் கூத்தில் அம்மன் வேஷத்துக்கு வேண்டும் என்று தண்டபாணி சொல்லி வைத்திருந்தார். படகு ஓட்டும் சராங்கு மணி மட்டும், "அம்மன் கண்டெய்னர் யார்டுலயா வேல செய்யுது?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பது நாளில் நேராக்கி, மெல்லிய கறுப்பு வலைத் துண்டில் கொத்துக்கொத்தாக முடிச்சுப் போட்டு, பக்கத்துக்கு ஒரு கிளிப் தைத்து, தண்டபாணி என் கையில் கொடுத்தார்.

"இழுத்துக் கட்டாத, சும்மா உக்கார வெச்சா போதும். டாக்டர் சொன்னாங்க இல்ல?"

டாக்டர் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சவுரியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், கருவாட்டு வாடை அடித்தது. நான்கு தடவை ஷாம்பு போட்டும் முழுசாகப் போகவில்லை. விழா அன்று மண்டபம் வரைக்கும் இரண்டு பூனைகள் கூடவே வந்தன.

கண்ணாடியில் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. எல்லாம் என் முடி, வேறு யாருடையதும் இல்லை. பேண்டு வாசிக்க, பழத்தட்டை ஏந்திக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். பட்டம்மாள் சின்னத்தை என் பக்கத்தில் வந்து நின்றார். மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாடி ரேகா, தல திடீர்னு ரொம்பிக் கீது? போன வாட்டி பெர்சு மாதிரி இருந்த?"

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். பன்னிரண்டு நாளாக நாக்கு நுனியில் வைத்திருந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து டிரோன் இறங்கியது. நெருக்கமாக எடுக்கிறேன் பேர்வழி என்று வீடியோக்காரர் அதைத் தலைக்கு மேல் கொண்டுவந்துவிட்டார். புடவையெல்லாம் படபடத்தது. "ஐயோ, கண்ண குத்துது" என்று சின்னத்தை குனிந்து கையை வீசினார். கொண்டை கழன்று பறந்து என் தட்டில் விழுந்தது. அன்னாசிப் பழத்தின் மேல் சரியாக உட்கார்ந்துகொண்டது. பழம் மண்டபத்துக்கு வந்த விருந்தாளி மாதிரி இருந்தது.

பேண்டு நின்றது. சின்னத்தை சட்டென்று முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். ஆனால் அதற்குள் நான் பார்த்துவிட்டேன். கோழிக்குஞ்சின் தலை மாதிரி, நாலு வெள்ளைப் பூமுடி. அவர் என்னைப் பார்த்தார். வாய் திறந்தபடியே இருந்தது. குளியலறைக் கண்ணாடியில் நான் பார்த்த அதே முகம். என் ஆத்திரமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இன்னாது அது? யாருது?" என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன.

"என்னுது" என்றேன் சத்தமாக.

"உன்னுதா? உன் தலையில இருக்கறது?"

"அதுவும் என்னுதுதான். ஒண்ணு போதாதுன்னு ரெண்டா எட்தாந்தேன். எனுக்கு முடி கொட்டுது, டாக்டரைப் பாக்கறேன், மாத்திர சாப்புடறேன். இன்னா இப்ப? யோவ் பேண்டு, இன்னா வேடிக்க? வாசி!"

வாசித்தார்கள். நான் பழத்தோடும் கொண்டையோடும் நடந்தேன். டிரோன் எல்லாவற்றையும் எடுத்தது. பந்தியில் திரையில் போட்டபோது மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. இந்தத் தடவை யார் எங்கே சிரிக்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை, வடையைத் தின்றேன். சின்னத்தை மட்டும் சிரிக்கவில்லை. தலையில் போட்ட முந்தானையை எடுக்காமல் சாப்பிட்டு முடித்து, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. சின்னத்தை. தலையில் முந்தானை, கையில் அதே ஜவுளிக்கடைப் பை, ஆனால் என்னுடையதைப் போல மூன்று மடங்கு. நேற்றைய கொண்டையைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து அதை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

"அது யாரு முடியோ, எவ முடியோ. நீயே பழத்துக்கு வெச்சிக்க" என்று பையை என் கையில் திணித்தார். "இது என்னுது. பன்னெண்டு வருசத்து முடி. குடுக்க மனசு வரலடி."

பிறகு உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தடைக்காலம் முடிய இன்னும் ஒரு மாசம் கீது இல்ல? ஒன்னுத ஒம் புருசன்தான் கட்னானாமே, காசிமேடே சொல்லுது. அவன்கிட்ட சொல்லுடி. நரையும் கலந்துதான் இருக்கும், அப்டியே கட்டச் சொல்லு."