விலகும் காரணம்

"உங்க பொண்ணு தங்கம். கணக்கு மட்டும்தான் தகரம்" என்றபடி, வெட்டிவைத்திருந்த சீருடைத் துணிகளைப் புறங்கையால் தள்ளிவிட்டு, தலைமையாசிரியர் தையல் எந்திரத்தின் மேல் மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பத்தை விரித்தார்.

தையல்காரி மிதியிலிருந்து காலை எடுத்தாள். பத்தாம் வகுப்பு மகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். பரீட்சைக்கு ஐந்தே வாரம்.

அந்த வட்டாரத்தில் இருப்பதே நான்கு உயர்நிலைப் பள்ளிகள். நான்கின் தேர்ச்சி சதவீதத்தையும் கல்வி அலுவலகம் வருஷந்தோறும் ஒரே பலகையில் எழுதிவைக்கும். அந்தப் பலகைக்காகப் படித்த மனிதர்கள் அடிக்கும் கூத்தைக் கண்டால், பிள்ளைகளைக் கொடுத்த கடவுளே தலைகுனிவார்.

"ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஸ்கூல்காரன் தொண்ணூத்தெட்டு காட்டிட்டு மீசைய முறுக்குறான். நமக்கு நூறு வேணும். ஆறு பேரக் கழிச்சா வந்துடும்."

"இன்னும் கொஞ்சம் சொல்லிக் குடுத்தா தேறிடுவா சார்..."

"அதுக்கெல்லாம் நேரம் ஏது?"

ஆறு வீடு ஏறி இறங்க மட்டும் அவருக்கு நேரம் இருந்தது.

"உடம்புக்காகத்தான் சார் துணிய வெட்டுவோம். துணி அழகா நிக்கணும்னு உடம்ப வெட்ட மாட்டோம்."

கூட வந்திருந்த பள்ளி எழுத்தர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"வாய் நல்லா இருக்கே! எழுதிக் குடுக்கலேன்னா வருகைப் பதிவுல கைய வைப்பேன். எங்கயும் பரீட்சை எழுத முடியாது. 'விலகும் காரணம்'னு இருக்குல்ல, அங்க 'சொந்த விருப்பம்'னு எழுதுங்க. எழுதத் தெரியுமா?"

"மூணாவது வரைக்கும் படிச்சிருக்கேன் சார்."

அவள் எழுத்தெழுத்தாக எழுதினாள். தலைமையாசிரியர் கைபேசியில் யாரிடமோ தசமப் புள்ளிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

எழுத்தர் தாளை எடுத்தார். படித்தார். ஒருமுறை அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எதையும் மறைக்காமல், விரித்தபடியே நீட்டினார். "சார், உங்க கையெழுத்து."

பேச்சை நிறுத்தாமலே அவர் கிறுக்கினார். வண்டியை நோக்கி நடந்தார்.

எழுத்தர் வாசலில் தயங்கினார். "பாப்பாவ நாளைக்கும் வழக்கம்போல அனுப்புங்கம்மா. சாயங்காலம் எங்க வீட்டுக்கு வரட்டும், என் சம்சாரம் கணக்கு சொல்லிக் குடுப்பா. இந்தத் தாள நானே கல்வி ஆபீசுல குடுக்கறேன். அங்க ஒருத்தராவது படிக்காமலா போயிடுவாங்க?"

தாளில் கோணல்மாணலாக இருந்தது: 'என் மகள் விலகவில்லை. பள்ளிக்கு நூறு வேண்டுமென்று விலக்குகிறார்கள்.'

அதன் கீழே, 'மேற்கண்டவை உண்மை எனச் சான்றளிக்கிறேன்' என்ற அச்சு வரிக்கு அடியில், தமிழில் முதுகலைப் பட்டம் பெற்ற தலைமையாசிரியரின் கையெழுத்து பளிச்சென்று இருந்தது.